'வயசாச்சுல்லா' என்பதில் எது உடம்பு, எது ஊர்?

தக்கலைப் பக்கத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வருஷமாக மாதவிலக்கு முன்னும் பின்னுமாக வருகிறது. வந்தால் எட்டு ஒன்பது நாள் போகிறது. ராத்திரி திடீரென்று மேலெல்லாம் காந்துகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, அப்புறம் தூக்கம் வருவதில்லை. மாமியாரிடம் சொன்னால் "வயசாச்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். மைனி ஒருத்தர் "எதுக்கு இந்தப் பாடு, கர்ப்பப்பையை எடுத்துப்போடு" என்கிறார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சிவப்புப் பட்டு எடுத்ததற்கு, "கெட்டிக் குடுக்க மகள் நிக்கியா, உனக்கு எதுக்கு இந்தக் கலர்" என்று வீட்டில் பேச்சு. கணவர் கல்ஃபில். "இதெல்லாம் வயசின் இயல்புதானா, இனி நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதானா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பது ஒன்று. 44 வயதில் ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் வைத்திருக்கும் கணக்கு இன்னொன்று. இரண்டுக்கும் "வயசாச்சு" என்ற ஒரே பதிலைச் சொல்லிவிடுவதால்தான் உங்களுக்குக் குழப்பம். நான் இந்தக் குமரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக வேலையைத் தொடங்கி, பின்பு செவிலியர் மாணவிகளுக்குச் சமுதாய நலம் கற்பித்தவள். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ஏறி இறங்காத வீடு குறைவு. ஆனால் நான் மருத்துவர் இல்லை. உங்களைப் பார்க்காமல், ரத்தம் பரிசோதிக்காமல் இன்ன மாத்திரை சாப்பிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நடக்கிறது. மேல்நாடுகளில் 51 என்கிறார்கள். அதற்குச் சில வருஷங்கள் முன்பிருந்தே சினைப்பையின் சுரப்பு (ஹார்மோன்) ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். விலக்கு தள்ளிப்போவது, சீக்கிரம் வருவது, உடம்பு காந்துவது, நடு ராத்திரி விழிப்பு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அந்த ஏற்ற இறக்கத்தால் வருபவை. 44 வயதில் இது தொடங்குவது இயல்புதான். 40க்கு முன்பே நின்றுபோனால்தான் அது தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். ஆகவே உங்களுக்கு மேல் காந்துவது கற்பனை இல்லை, மனசு பலவீனமும் இல்லை. மூளையில் உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடம், சுரப்பு குறையும்போது சின்ன மாற்றத்துக்கும் பெரிதாக அலறுகிறது. அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் 'வயசு' என்ற கணக்கில் எழுதிவிடக் கூடாது. எட்டு ஒன்பது நாள் போகும் ரத்தம். நம் பாட்டிமார் அதைப் பெரும்பாடு என்றுதான் சொன்னார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துபோவது, பெரிய கட்டியாக விழுவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது, இரண்டு விலக்குக்கு நடுவில் கறை படுவது, தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் வருவது, இதில் எது இருந்தாலும் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் தைராய்டு, கர்ப்பப்பையில் சதைக் கட்டி, சுரப்புக் கோளாறு என்று சாதாரணமான காரணமாகத்தான் இருக்கும். எப்போதாவது கர்ப்பப்பை உட்சுவரிலோ வாயிலோ புற்றுநோய் இருக்கும். எது என்று பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று, 12 மாதம் முழுவதும் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது விலக்கு திரும்பி வந்ததாக ஆகாது. அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். "நின்ன தீட்டு திரும்ப வந்துட்டு" என்று மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வயசு என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மறக்காத ஒரு வீடு இருக்கிறது. திருவட்டாறு பக்கம், மகளுக்குத் தலைப்பிரசவம். பெற்று வந்த பெண்ணையும் குழந்தையையும் பார்க்க நான் போயிருந்தேன். பெண் நன்றாக இருந்தாள், குழந்தைக்கு எடை கூடியிருந்தது. புறத்தே அடுப்பில் பெரிய அண்டா. பெற்ற பெண்ணைக் குளிப்பாட்டப் புளியிலையும் நொச்சியும் போட்டு வேதுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நேரே நின்று பெண்ணின் அம்மா கிளறிக்கொண்டிருந்தார். நைட்டிக்கு மேல் போட்டிருந்த துவர்த்தால் நிமிஷத்துக்கொரு தரம் முகத்தைத் துடைத்தார். வயது 46. பேசிக்கொண்டே திண்ணைத் தூணைப் பிடித்தார், அந்தப் பிடியைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம். உட்காரவைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. பரிசோதித்தபோது ரத்தத்தின் அளவு (ஹீமோகுளோபின்) ஆறுக்கு மேல் ஏறவில்லை. பன்னிரண்டாவது இருக்க வேண்டியது. நாலைந்து மாதமாக நிற்காமல் போயிருக்கிறது. "மோளு பெத்துக் கெடக்கும்போ நான் ஆசுபத்திரிக்குப் போனா யாரு பாப்பா? நமக்குத்தான் வயசாச்சே" என்றார். அந்த வீட்டில் என் கையிலிருந்த பதிவேட்டில் மகள் பெயர் இருந்தது, குழந்தைக்கு ஒரு பக்கம் இருந்தது. அம்மாவுக்கு இடமே இல்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் 49 வயது வரை பெயர் இருக்கும்தான். ஆனால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்த பெண்ணை அன்று எந்தச் செவிலியரும் தேடிப்போனதில்லை. பெறுகிற வயதுக்குத்தான் எங்கள் வேலை என்று இருந்தது. இப்போது 30 வயது தாண்டிய எல்லோருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும் பரிசோதிக்கிறார்கள். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் வீட்டுப்படிக்கே வருகிறார்கள். ஆள் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, கர்ப்பப்பையை எடுப்பது. சில பேருக்கு அது தேவைதான், புற்றுநோய் என்றால் கேள்வியே இல்லை. மற்றபடி, 'பிள்ளை பெற்றாச்சு, இனி அது எதற்கு' என்று எடுக்கிற உறுப்பு அது இல்லை. ரத்தப்போக்கைக் குறைக்க விலக்கு நாட்களில் மட்டும் சாப்பிடும் மாத்திரை இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற, மெல்ல மெல்ல மருந்தைக் கசியவிடுகிற சாதனம் இருக்கிறது, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்யும். சதைக் கட்டி என்றால், பெரும்பாலும் விலக்கு நின்றபின் தானே சுருங்கும். 46, 47 நெருங்குகிறவருக்கு இன்னும் கொஞ்ச காலம் மருந்தில் தாண்டிவிட முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆபரேஷனோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், வருஷக்கணக்கில் மெல்ல நடக்க வேண்டிய மாற்றம் ஒரே நாளில் வந்து விழும். எலும்புத் தேய்வும் இதய நோயும் சீக்கிரம் வரும் ஆபத்து கூடும். அதனால் "சினைப்பையை வைப்பீர்களா, எடுப்பீர்களா, ஏன்?" என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையாகி, மத்திய சுகாதாரத் துறை 2022இல் அதைத் தடுக்க வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. 2023இல் உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. உங்கள் மைனி நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், அவரவர் பட்ட பாடு அப்படிப் பேசவைக்கும். ஆனாலும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல், மருந்து கொடுத்துப் பார்க்காமல் முதல் நாளே ஆபரேஷன் என்று எங்காவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் தக்கலை தலைமை மருத்துவமனையிலும் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவு இருக்கிறது, அரசாங்க ஆசுபத்திரி.

மேல் காந்தலுக்கு வருகிறேன். சில பேருக்கு ஆறு மாதத்தில் போய்விடும், சில பேருக்கு ஏழெட்டு வருஷம்கூட நிற்கும். உங்களுக்கு எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி காற்றோட்டம், பருத்தித் துணி, சாயங்காலத்துக்குப் பிறகு காப்பி இல்லாமல் இருப்பது எல்லாம் கொஞ்சம் உதவும். ஹார்மோன் மருந்துதான் இதற்கு மிகச் சிறப்பாக வேலை செய்வது, அதில் சந்தேகமில்லை. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வை, ஆபத்து தெரிகிறது என்று பாதியில் நிறுத்தியதும் உலகமே அந்த மருந்தைக் கண்டு பயந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், விலக்கு நின்ற பத்து வருஷத்துக்குள் தொடங்குகிற பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் அதிகம் என்று பிற்பாடு தெளிவானது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் குழாயில் உறைவு வந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. அந்தக் கடைசி வகையில் இப்போது நீங்களும் இருப்பதால் முதலில் காரணம், பிறகுதான் மருந்து. சோயா, உளுந்தங்களி பற்றிக் கேட்பார்கள். உளுந்தங்களி நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அது காந்தலை நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சோயாவுக்குச் சான்று முன்னும் பின்னுமாக இருக்கிறது. உடம்பு எடை கூடுவதில் எவ்வளவு வயதால், எவ்வளவு சுரப்பு குறைவதால் என்பதும் முழுக்கப் பிரிக்க முடியாத விஷயம். வயிற்றில் கொழுப்பு சேரும் இடம் மாறுவது மட்டும் சுரப்பால் என்று தெரிகிறது.

இனி ஊர். இதில் நான் படித்ததும் பார்த்ததும் கலந்து சொல்கிறேன், உடம்பைப் பற்றிச் சொன்ன அளவு உறுதி இதில் இல்லை. 1970களில் மார்ச்சா ஃபிளின்ட் என்ற ஆய்வாளர் வட இந்தியாவில் ராஜபுத்திரப் பெண்களிடம் பேசினார். விலக்கு நின்ற பிறகு அவர்கள் முக்காட்டை விட்டு வெளியே வந்து ஆண்கள் இருக்கும் இடத்தில் உட்காரலாம், பேசலாம். அவர்கள் அந்த வயதைப் பற்றிப் பெரிதாகக் குறை எதுவும் சொல்லவில்லை என்று எழுதினார். பிறகு மார்கரெட் லாக் ஜப்பானில் விசாரித்தபோது, உடம்பு காந்துவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான், வட அமெரிக்காவில் மூன்றில் ஒருவர். இதை வைத்து 'மதிப்பு கொடுத்தால் காந்தல் வராது' என்று முடிவுகட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. உணவு, உடல்வாகு, வெளியே சொல்லும் பழக்கம் எல்லாம் அதில் கலந்திருக்கும். நம் பெண்கள் சொல்லவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? அண்டாவின் பக்கத்தில் நின்ற அம்மாவும் சொல்லவில்லைதானே. ஆனால் வயதாவதை ஒருவர் எப்படி நினைக்கிறார் என்பது அவர் ஆரோக்கியத்தைத் தொடும் என்பதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 2002இல் வந்த பெக்கா லெவியின் ஆய்வில், முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் சராசரியாக ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள். நினைப்பால்தான் ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. 'இனி என்ன இருக்கு' என்று நினைப்பவர் நடப்பதையும், மருந்தையும், பரிசோதனையையும் விட்டுவிடுவார் என்பது மட்டும் நான் வீடு வீடாகப் பார்த்தது.

நம் மாவட்டத்தில் ஒரு வினோதம் உண்டு. 45 வயதுப் பெண் ஆசைப்படத்தான் வயதானவள், வேலைக்கு அவள் இளையவள். கலர் சேலைக்கு வயசாச்சு, பாட்டுக்கு வயசாச்சு, கணவரோடு தனியாகக் கன்னியாகுமரி கடற்கரைக்குப் போக வயசாச்சு. ஆனால் முந்திரி ஆலையில் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்காரலாம், குளச்சலில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் வைத்து மேட்டுக் கிராமத்துக்குக் கொண்டுபோகலாம், ரப்பர் பால் எடுக்க விடியுமுன் மலையேறலாம், படுத்த மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டலாம், மகள் பேறு பார்க்கலாம். சீதனத்துக்காகத் தன் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றி மகளுக்குப் போடுவதும் இதே வருஷங்களில்தான். சுரப்பு குறைந்து உடம்பு தள்ளாடுகிற அதே நாலைந்து வருஷத்தில் வீட்டின் எல்லாப் பாரமும் அவள் மேல் வந்து இறங்குகிறது. தூக்கம் வராததற்கு எவ்வளவு சுரப்பு, எவ்வளவு கடன் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் பிரித்துக் காட்டாது.

சேலையை யாரும் சின்ன விஷயம் என்று சொல்ல வேண்டாம். மார்பை மூடத் தோள்சீலை போடும் உரிமைக்காக நாற்பது வருஷத்துக்கு அருகில் போராடி, 1859இல் திருவிதாங்கூர் அரசை ஆணை போடவைத்த பெண்களின் மண் இது. ஒரு பெண் எதை உடுத்த வேண்டும் என்று பிறர் தீர்மானிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருத்துவத்தில் 44 வயதுக்கு என்று நிறம் கிடையாது. வழக்கத்திலும் அப்படி ஒரே விதி இல்லை. சபரிமலையில் பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ள பெண்கள் போகக் கூடாது என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும், மறுஆய்வு பெரிய அமர்வுக்குப் போனதும் தெரியும். அந்த வழக்கைப் பற்றிப் பேச நான் வரவில்லை. அதே பழைய திருவிதாங்கூரில், பெண்களின் சபரிமலை என்று பெயர் வாங்கிய மண்டைக்காட்டில், மாசிக் கொடைக்கு இளம்பெண்ணும் கிழவியும் சேர்ந்து இருமுடி கட்டிப் போகிறார்கள். ஒரே மண்ணில் இரண்டு கணக்கு இருக்கிறது என்றால், வயதுக்கு ஊர் போடும் கோடு கல்லில் வெட்டியது இல்லை என்றுதானே ஆகிறது. வயது ஏறும்போது வழக்கம் கொடுப்பதும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கோயில் காரியம், சபைப் பெண்கள் ஐக்கியம், மகளிர் குழு என்று எதை எடுத்தாலும் முன்னால் நின்று பேசுவது 45 தாண்டியவர்கள்தான். இளம் வயதில் வாய் திறக்காத பெண் அந்த வயதில் வங்கி மேலாளரிடம் நேரே பேசுவாள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் ஸ்கூட்டர் ஓட்டப் பழகியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மாமியாரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அவர் 44இல் வெள்ளைச் சேலைக்கு மாறியிருப்பார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "மாமி, உங்களுக்கு இந்த வயசுல எப்படி இருந்துது?" என்று ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சின் தோரணை மாறியதைப் பார்த்திருக்கிறேன், எல்லா வீட்டிலும் மாறும் என்று சொல்ல மாட்டேன்.

கணவர் வெளிநாட்டில் என்றதால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கணவர், பிறப்புறுப்பு வறண்டு வலிக்கிற மனைவி. அவள் விருப்பமில்லாமல் விலகுகிறாள் என்று அவர் நினைப்பார், வாய் திறந்து சொல்ல அவளுக்குக் கூச்சம். இந்த வறட்சி சுரப்பு குறைவதால் வருவது, காந்தலைப் போலத் தானாகப் போகாது. ஆனால் சாதாரண வழவழப்புக் களிம்பிலும், மருத்துவர் தரும் உள்ளே பூசும் மருந்திலும் நன்றாகக் குறையும். அவர் வருமுன் போனிலேயே சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்யாதவர் என்றால் கரு உண்டாகும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. 50 வயதுக்குள் விலக்கு நின்றால் அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் கவனம் வேண்டும்.

எலும்பு வேகமாகத் தேய்வது விலக்கு நின்றபின் வரும் முதல் சில வருஷங்களில். நாளுக்கு 1000 மில்லிகிராமாவது சுண்ணாம்புச் சத்து வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, கீரை சாப்பிடுங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நம் ஊரில் மலிவாகக் கிடைக்கிற மருந்து. மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிடும் நாளில் மீன் துண்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்க் குழம்பு மட்டும் உங்கள் தட்டுக்கு வந்தால் அதை மாற்றுங்கள். தினமும் அரை மணி நேரம் வெயிலில் வேகமாக நடங்கள், வீட்டு வேலை அதற்கு ஈடாகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒரு காலண்டரில் விலக்கு தொடங்கிய நாள், முடிந்த நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று கடந்த மூன்று மாதத்துக்கு நினைவிருக்கும் வரை எழுதுங்கள். அதோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அளவு, சர்க்கரை, அழுத்தம் பாருங்கள், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் கேளுங்கள். அங்கிருந்து தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கி, தைராய்டும் வயிற்று ஸ்கேனும் எடுத்து, மகளிர் மருத்துவரிடம் அந்தக் காலண்டரையே நீட்டுங்கள். உட்சுவரிலிருந்து துளி எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். மனசு மிகவும் சோர்ந்து வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அதுவும் இந்த வயதில் வரக்கூடியதே, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. 104, 14416 என்ற உதவி எண்களில் பேசலாம். நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, நாப்கின் மணிக்கொரு முறை நனைந்தாலோ வாரம் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், துணைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவளுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கட்டும்.